மாயாவிக்கு இன்சூரன்ஸ் உண்டா மாமா?

சென்ட்ரலுக்குப் பக்கத்தில் புறநகர் ரயில்கள் கிளம்புகிற இடத்துக்கு 'மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்' என்று பெயர். கும்மிடிப்பூண்டி வண்டி, அரக்கோணம் வண்டி எல்லாமே இங்கிருந்துதான். காலேஜ் போக மூணு வருஷமா இதே பிளாட்பாரத்தில் முட்டி மோதுறேன். 'மார்க்கெட்னு பேர் இருக்கே, மார்க்கெட் எங்கப்பா?'னு ஒரு நாள்கூட யோசிச்சதில்லை. நமக்கு சீட் கிடைச்சா போதாதா?

போன சனிக்கிழமை யோசிக்க வெச்சவர் என் தாய்மாமா. செல்லில் கூப்பிட்டார்.

"எங்க மாப்ள இருக்க?"

"மூர் மார்க்கெட் மாமா. வண்டி ஏறப் போறேன்."

"நீ நிக்கிற எடத்துலதான்டா நான் பாதி வாழ்க்கைய தொலைச்சேன். மலை மாதிரி பழைய பொஸ்தகம் குவிஞ்சு கெடக்கும். 1985, மே 30. தீ புடிச்சுது பாரு... எல்லாம் சாம்பல்!"

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். 1900-ல் திறந்த செங்கல் கட்டடம். சென்னை மாநகராட்சித் தலைவரா இருந்த சர் ஜார்ஜ் மூர் பேரை வெச்சிருக்காங்க. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, பறவை, நாய்க்குட்டினு கிடைக்காத பொருளே இல்லையாம். தீ விபத்துக்குப் பிறகு கடைக்காரர்கள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய்ட்டாங்க. மார்க்கெட் இருந்த இடத்தில் ரயில்வே கட்டடம் வந்தது. பேர் மட்டும் டிக்கெட்டில் மிச்சம்.

சரி, மாமா எதுக்குக் கூப்பிட்டார்? "மாப்ள, என் காமிக்ஸுக்கு இன்சூரன்ஸ் போடணும். நம்ம குடும்பத்துல கம்ப்யூட்டர்ல லிஸ்ட் போடத் தெரிஞ்ச ஆளு நீதான். கெளம்பி வா!"

இந்தப் பக்கம் ஆசிரியர், "வட சென்னையைச் சுத்திட்டு வந்து எழுதுப்பா. கத்தி, கானா, கேரம் போர்டு மூணும் இல்லாம எழுதணும்"னு கண்டிஷன் போட்டிருந்தார். ஒரே கல்லு, ரெண்டு மாங்கா. ஏறினேன் வண்டியில்!

எர்ணாவூர் மியூசியம்

பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர். கண்ணை மூடிக்கிட்டே ஸ்டேஷன் சொல்லலாம் பாஸ், மூக்கு இருந்தா போதும். ஓரிடத்தில் கருவாடு, ஓரிடத்தில் எண்ணெய், ஓரிடத்தில் என்னன்னே தெரியாத ஒரு கெமிக்கல். 2021-லிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோவும் வந்தாச்சு. ஆனா ஏ.சி. பெட்டியில் இந்த 'வாசனை மேப்' கிடைக்காது.

விம்கோ நகரில் இறங்கி நடந்தா எர்ணாவூர். மாமா வீடு தரைத்தளம். ஹால், ஒரு ரூம், கிச்சன். அந்த ஒரு ரூமில் மனுஷங்களுக்கு இடமில்லை. ரெண்டு இரும்பு பீரோ, ஒரு தகர டிரங்குப் பெட்டி. மூணும் காமிக்ஸ். அத்தை பல வருஷமா ஹாலில்தான் தூங்குறாங்க. "உங்க மாமாவ நான் கல்யாணம் பண்ணிக்கல தம்பி, இந்த பீரோவத்தான் பண்ணிக்கிட்டேன்"னு டீ கொடுத்தாங்க.

மாமா பக்கத்து ஃபேக்டரியில் ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். முதல் காமிக்ஸ் வாங்கினது ஆறு வயசில். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சது 1972-ல். முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. லண்டனில் 'வேலியன்ட்' இதழில் 1962-ல் பிறந்த ஹீரோ, தமிழ் பேசிக்கிட்டு திருவொற்றியூர் வரைக்கும் வந்துட்டார். கரன்ட் ஷாக் அடிச்சா உடம்பு மறைஞ்சிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். (நான் ட்ரிபிள் ஈ படிக்கிறேன். எங்க லேபில் ஷாக் அடிச்சா மறையறது அட்டெண்டன்ஸ் மட்டும்தான்!)

பீரோவைத் திறந்தார். அடேங்கப்பா! இந்திரஜால் காமிக்ஸின் வேதாளர் ஒரு வரிசை. 1984 ஜூலையில் ஒரே நேரத்தில் களமிறங்கின ரெண்டு பேர் அடுத்த வரிசை. மாடஸ்டி பிளைஸியோட ஆரம்பிச்ச லயன் காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்டோட ஆரம்பிச்ச ராணி காமிக்ஸ். ராணி 2005-ல் நின்னு போச்சு. லயனும் முத்துவும் நடுவில் தடுமாறி, 2012-ல் புது ஜோரோட திரும்பி வந்து இன்னிக்கும் வந்துக்கிட்டிருக்கு. ஸ்பைடர், ஆர்ச்சி, லக்கி லூக், டெக்ஸ் வில்லர், கேப்டன் டைகர்... பாதிப் பேரை எனக்கு மாமாதான் அறிமுகம் செஞ்சார். நம்ம ஜெனரேஷனுக்கு மார்வெல் போதும்னு நினைச்சது தப்பு மக்களே!

"எவ்ளோ தேறும் மாமா?"

"என்னைக் கேட்டா சொல்லத் தெரியாது. போன மாசம் ஒருத்தர் வந்து, இந்த ஒரு பொஸ்தகத்துக்கு மட்டும் ரெண்டாயிரம் தர்றேன்னார். நான் அதை வாங்கினது எட்டணாவுக்கு. பழைய பேப்பர் கடையில."

"குடுத்திருக்கலாமே?"

மாமா என்னைப் பார்த்த பார்வையை ஜேம்ஸ்பாண்ட் பட வில்லன்கூடப் பார்த்திருக்க மாட்டான்.

கீழ் ரெண்டு தட்டு

பீரோக்களில் மேல் தட்டெல்லாம் நிறைஞ்சு வழியுது. கீழ் ரெண்டு தட்டு மட்டும் காலி. ரெண்டு பீரோவிலும் அப்படித்தான். இரும்பில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பா ஒரு கோடு. அத்தை எத்தனையோ தடவை தேய்ச்சும் போகாத கோடு.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். சென்னையே தண்ணியில் மிதந்த நாள். ஆனா எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வந்தது வெறும் தண்ணி இல்லை. எண்ணெய் கலந்த தண்ணி. வீட்டுக்குள்ள நுழைஞ்சுது, கொசஸ்தலையாற்றில் பரவுச்சு, படகையும் வலையையும் கறுப்பாக்குச்சு. அப்ப டி.வி.யில் எல்லாரும் பார்த்தோம். பார்த்துட்டு செமஸ்டர் எக்ஸாம் தள்ளிப்போச்சானு சேனல் மாத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். மாமா வீட்டுக்குள்ள என்ன நடந்துச்சுனு நான் கேட்கவே இல்லை. இப்பதான் கேட்டேன்.

"மொதல்ல அத்தையையும் பாட்டியையும் மேல் வீட்டுக்கு ஏத்தினேன். அப்புறம் கேஸ் சிலிண்டர். அப்புறம் ரேஷன் அரிசி. கடைசியாத்தான் இது ஞாபகம் வந்துச்சு. இருட்டுல இடுப்பளவு குனிஞ்சு கீழ் தட்டுல கையை வுட்டேன் மாப்ள. பொஸ்தகம் கைக்கு வரல. கூழ் மாதிரி வந்துச்சு."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை.

"எத்தனை போச்சு மாமா?"

"அதான்டா தெரியல!"

இந்தப் பதில்தான் அன்னிக்கு முழுக்க என்னைத் துரத்திச்சு. போனது எத்தனை, எதெதுனு அவருக்கே தெரியாது. லிஸ்ட் இல்லை. அரசாங்கம் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வெள்ள நிவாரணம் கொடுத்தது. அக்கம்பக்கத்தில் பேசிக்கிட்டப்ப ஒருத்தர் ஃப்ரிட்ஜ் போச்சுன்னார், ஒருத்தர் மெத்தைன்னார், ஒருத்தர் வலைன்னார். மாமா என்ன சொல்வார்? 'மாயாவி போய்ட்டார்'னா? சிரிக்க மாட்டாங்களா? அதனால் அவரும் "மிக்ஸி போச்சு"ன்னாராம்.

முகத்துவாரத்தில் ஒரு லெக்சர்

"வா, காத்தாட போலாம்"னு டூ வீலரில் எண்ணூர் முகத்துவாரத்துக்குக் கூட்டிட்டுப் போனார். கொசஸ்தலையாறு கடலில் சேருகிற இடம். ஒரு பக்கம் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் இடுப்பளவு தண்ணியில் நின்னு கையால் துழாவி இறால் பிடிக்கிறவங்க. ரோட்டில் வரிசையா கன்டெய்னர் லாரிகள். துறைமுக கேட்டுக்குள்ள போக வெயிட்டிங்.

"இந்த டப்பா ஒவ்வொண்ணுக்கும் இன்சூரன்ஸ் உண்டு. உள்ள என்ன இருக்கு, எத்தனை இருக்கு, என்னா வெலைனு பேப்பர் இல்லாம ஒரு டப்பா கப்பல் ஏறாது. இங்க பொறந்து வளர்ந்து அறுபது வயசுக்கு மேல ஆச்சு. எங்கிட்ட என்ன இருக்குனு ஒரு பேப்பர் இல்ல பாத்தியா?"

மாமா ஃபிட்டர் இல்லை, ஃபிலாசபர்!

துறைமுகத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் பழைய உறவு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய் டாங்குகளில் குண்டு போட்டுட்டுப் போச்சே, ஞாபகமிருக்கா? ('சரியான எம்டன்டா அவன்'னு நம்ம தாத்தாக்கள் திட்டறது அங்கிருந்து வந்ததுதான்.) அந்தக் கப்பல் வங்கக் கடலில் சுத்தின நாட்களில் சரக்குக் கப்பல்களுக்கான இன்சூரன்ஸ் கட்டணம் எகிறிடுச்சாம். ஆபத்து கூடினா கட்டணம் கூடும். எளிமையான கணக்கு.

மாமாவோட எதிரிகளில் எம்டன் இல்லை. லிஸ்ட் இதோ: வெள்ளம், தீ, கரையான், உப்புக் காத்து, ஜன்னல் வழியா வந்து படியும் சாம்பல் தூசி, அப்புறம் 'ஒரு தடவை படிச்சுட்டுத் தர்றேன்'னு வாங்கிட்டுப் போற சொந்தக்காரங்க. இதில் எதுக்கெல்லாம் பாலிசி உண்டு? அதைக் கேட்கத்தான் ராயபுரம் பயணம்.

கல்மண்டபம் ஏஜென்ட் அக்கா

பீச் போகிற வண்டியில் ஏறி ராயபுரத்தில் இறங்கினோம். 1856-ல் திறந்த ஸ்டேஷன் பாஸ். தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா பக்கம் கிளம்புச்சு. பெரிய தூண்களோட அந்தப் பழைய கட்டடம் இன்னும் கம்பீரமா நிக்குது. ஆனா எறங்கி ஓடுறவங்க யாரும் நிமிர்ந்து பார்க்கலை. பழசோட மதிப்பு தெரியாதது எங்க குடும்ப வியாதி மட்டும் இல்லை போல!

கல்மண்டபம் பக்கத்தில் மாடிப்படி ஏறினா சின்ன ஆபீஸ். இன்சூரன்ஸ் ஏஜென்ட் அக்காவுக்கு நாற்பது வயசிருக்கும். டூ வீலர், கடை, வீடு எல்லாத்துக்கும் பாலிசி போடுறவங்க. மாமா மெதுவா ஆரம்பிச்சார்.

"மேடம், வூட்டுல கொஞ்சம் பொஸ்தகம் இருக்கு. அதுக்கு..."

"ஸ்கூல் புக்கா சார்?"

"காமிக்ஸ்."

நான் கண்ணை மூடிக்கிட்டேன். இதோ சிரிக்கப் போறாங்க. அக்கா சிரிக்கலை. "எங்க அண்ணன் ராணி காமிக்ஸ் சேர்த்து வெச்சிருந்தான் சார். அம்மா பழைய பேப்பர்காரன் கிட்ட எடைக்குப் போட்டுட்டாங்க. இன்னிக்கும் அவங்க கிட்ட சரியா பேச மாட்டான்"ன்னாங்க. மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பாடா, கேஸ் ஜெயிச்சாச்சு!

அக்கா எடுத்த க்ளாஸ், எங்க காலேஜில் எந்த லெக்சரரும் எடுக்காத அளவுக்கு க்ளியர். 2021 ஏப்ரலில் இருந்து நாட்டில் எல்லா ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனியும் 'பாரத் கிருஹ ரக்ஷா'னு ஒரே மாதிரி வீட்டு பாலிசி கொடுக்கணும்னு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லியிருக்கு. வீட்டுக் கட்டடத்துக்குப் போட்டா, உள்ளே இருக்கிற சாதாரணப் பொருட்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவிகிதம், அதிகபட்சம் 10 லட்சம் வரைக்கும் தானாவே சேர்ந்துடும். வாடகை வீடுன்னா பொருளுக்கு மட்டும் தனியாவும் போடலாம். தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் உள்ளே வருது.

"அப்ப கரையான்?" - மாமா.

"கெடையாது சார். திடீர்னு வர்ற ஆபத்துக்குத்தான் பாலிசி. கொஞ்சம் கொஞ்சமா அரிக்கிறது, மக்குறது, மஞ்சளாகுறது, உப்புக் காத்து, எதுவும் வராது. அது உங்க பொறுப்பு."

"திருட்டு?"

"இந்த பாலிசியில, வெள்ளமோ தீயோ வந்து, அதுக்கப்புறம் ஏழு நாளுக்குள்ள நடக்கிற திருட்டுதான் வரும். சாதாரணத் திருட்டுக்குத் தனியா எடுக்கணும்."

"சொந்தக்காரன் வாங்கிட்டுப் போய்த் திருப்பித் தரலைன்னா?"

"அதுக்கு உலகத்துலயே பாலிசி இல்ல சார்!"

சூப்பர்மேனும் பழைய பேப்பர் கடையும்

இங்கதான் நான் என் ஜி.கே.வைக் காட்டினேன். "அக்கா, ஹாலிவுட் ஹீரோ நிக்கோலஸ் கேஜ் வீட்டுல 2000-ல சூப்பர்மேன் அறிமுகமான 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் திருடு போச்சு. 1938-ல வந்த புக். இன்சூரன்ஸ்ல பணம் குடுத்தாங்க. 2011-ல கலிஃபோர்னியாவுல ஒரு குடோன்ல கெடைச்சு, அந்த வருஷமே 21 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போச்சு. அப்ப மாமாவுக்கும்..."

அக்கா கையைக் காட்டி நிறுத்தினாங்க. "தம்பி, அவர் கிட்ட பில் இருந்திருக்கும். உங்க மாமா கிட்ட பில் இருக்கா?"

டமால்! பழைய பேப்பர் கடையில் எட்டணாவுக்கு எவன் பில் கொடுப்பான்?

அமெரிக்காவில் 2000-லிருந்து காமிக்ஸுக்கு மார்க் போடவே ஒரு கம்பெனி இருக்கு. பத்துக்கு எத்தனைனு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் சீல் வெச்சுத் தருவாங்க. அதை வெச்சு விலை பேசலாம், இன்சூரன்ஸ் போடலாம். இதைச் சொன்னதும் மாமா பதறிட்டார். "சீல் வெச்சுட்டா அப்புறம் எப்புட்றா படிக்கிறது?"

நம்மூரில் என்ன வழி? சாதாரணப் பொருள் கணக்கில் விட்டா ஒரு சிக்கல். சேதமான பொருளுக்கு பதிலா புதுசு வாங்க எவ்வளவு ஆகும்னுதான் கம்பெனி பார்க்கும். 'மாயாவி கதைதான் மறுபதிப்பு வந்திருக்கே, அதை வாங்கிக்கங்க'ன்னு சர்வேயர் சொன்னா மாமா என்ன செய்வார்? கதை அதேதான். ஆனா அந்தப் பழைய பேப்பர், அந்த அச்சு, அந்த அட்டை?

அதுக்குத்தான் அந்த பாலிசியிலேயே இன்னொரு கதவு இருக்கு. நகை, ஓவியம், கலைப்பொருள், அரிய பொருள் மாதிரி விலை மதிப்புள்ளதை 'ஒப்புக்கொண்ட மதிப்பு' அடிப்படையில் தனியா சேர்க்கலாம். 'இது இவ்வளவு பெறும்'னு பாலிசி போடும்போதே ரெண்டு பேரும் ஒத்துக்கிறது. மொத்தம் 5 லட்சத்துக்குள்ள, ஒரு பொருள் 1 லட்சத்துக்குள்ள இருந்தா மதிப்பீட்டுச் சான்றிதழ்கூட வேண்டாம். நல்லவேளை. தமிழ் காமிக்ஸுக்கு சான்றிதழ் கொடுக்கிற மதிப்பீட்டாளரை எந்தத் தெருவில் தேடுறது?

"ஆனா காமிக்ஸை அரிய பொருள்னு கம்பெனி ஏத்துக்கணும். நான் வாயால சொன்னா செல்லாது. லிஸ்ட்டோட எழுதிக் கேப்போம். ஏத்துக்கிட்டா பாலிசி பேப்பர்லயே பேர் வரணும். வராம காசு கட்டாதீங்க"ன்னு அக்கா கறாரா சொன்னாங்க. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

மாமா தயங்கித் தயங்கிக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். "மேடம்... 2023-ல போனது?"

"போனதுக்கு பாலிசி கெடையாது சார். அடுத்த தடவை எண்ணெய் கலந்து வந்தாலும் பாலிசியில மாசுனு ஒரு வரி இருக்கு. வெள்ளத்தால வந்த மாசா, தானா வந்த மாசானு கேள்வி வரும். போட்டோ எடுத்து வெச்சுக்கங்க."

பிரீமியம்? மாமா மாசத்துக்குக் குடிக்கிற டீ காசுகூட வருஷத்துக்கு ஆகாது. காசு பிரச்னையே இல்லை. லிஸ்ட்தான் பிரச்னை.

828

ராத்திரி எர்ணாவூர் திரும்பி உட்கார்ந்தோம். நான் லேப்டாப், மாமா ஒவ்வொண்ணா எடுத்துப் பேர் சொல்ல, அத்தை செல்லில் அட்டையை போட்டோ எடுக்க. வரிசை எண், பேர், பதிப்பகம், வருஷம், நிலை, விலை. ஞாயிறு மதியம் முடிஞ்சப்ப கணக்கு: 828.

விலைக் கட்டத்தில் சண்டை. மாமா எல்லாத்துக்கும் கம்மியா சொல்றார். "இதுக்கு அம்பது ரூபா போடு." போன மாசம் அதே புத்தகம் எவ்வளவுக்குக் கை மாறுச்சுனு அவர் நண்பர்களுக்கு போன் போட்டுக் கேட்டா அறுநூறு! தன்கிட்ட இருக்கிற எதுவும் பெருசா விலை போகாதுனு ஒரு நினைப்பு. வட சென்னையைப் பத்தி மத்தவங்க நினைக்கிறதை இவங்களும் நம்பிட்டாங்களோனு தோணுச்சு. தேதி போட்டு, யார் சொன்ன விலைன்னும் எழுதினேன். கூட்டினா மூணு லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி. அத்தை வாயடைச்சுப் போய்ட்டாங்க. "இத்தன நாளா மூணு லட்ச ரூபாய்க்குப் பக்கத்துலயா நான் படுத்திருந்தேன்?"

ஒரே ஒரு புத்தகத்துக்கு மட்டும் மாமா விலை சொல்லலை. அட்டை பாதி கிழிஞ்சது. மூர் மார்க்கெட் எரியறதுக்கு முந்தின வாரம் அங்கே வாங்கினதாம். "மார்க்கெட்ல வாங்கினதுல மிஞ்சினது இது ஒண்ணுதான்." கட்டம் காலியா இருந்தா பாலிசியில் வராதேன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சார். "அட்டையில போட்டிருக்கிற வெலையவே போடு. இது போனா யார் குடுத்தாலும் எனக்குப் பத்தாது." போட்டேன்.

கலெக்‌ஷன் வெச்சிருக்கீங்களா?

காமிக்ஸோ, ஸ்டாம்ப்போ, கேசட்டோ, கிரிக்கெட் கார்டோ, எதுவா இருந்தாலும் அக்கா கொடுத்த டிப்ஸ் உங்களுக்கும்:

* முதல்ல லிஸ்ட். ஒரு காப்பி வீட்டில், ஒரு காப்பி மெயிலில். லிஸ்ட்டும் சேர்ந்து நனைஞ்சா என்ன பிரயோஜனம்?

* ஒவ்வொண்ணுக்கும் போட்டோ. அட்டை, பின்னட்டை, கிழிசல் இருந்தா அதுவும்.

* பில் இல்லைன்னா, அதே பொருள் வித்த விலையை தேதியோட குறிச்சு வைங்க. இனி வாங்குறதுக்கு ஒரு சீட்டாவது எழுதி வாங்குங்க.

* சில பாலிசிகளில் மதிப்பைக் குறைச்சுக் காட்டினா நஷ்டஈடும் குறையும். 4 லட்சம் பெறுமானத்தை 2 லட்சம்னு போட்டா, 1 லட்சம் நஷ்டத்துக்கு 50 ஆயிரம்தான் வரும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தக் கழிவு கிடையாது. எது உங்க பாலிசினு கேட்டு எடுங்க.

* எது வராதுங்கிற பக்கத்தை முதல்ல படிங்க. எக்ஸாமுக்கு அவுட் ஆஃப் சிலபஸ் பார்க்கிற மாதிரி!

* பாலிசி பணம்தான் தரும், புத்தகம் தராது. அதனால் தரையிலிருந்து உயரத்தில் வைங்க.

கடைசி டிப்ஸை அன்னிக்கே செஞ்சோம். மேல் வீட்டுப் பாட்டி, "எம் பரண் சும்மாதானே கெடக்கு"ன்னு இடம் கொடுத்தாங்க. டிரங்குப் பெட்டியை நானும் மாமாவும் தூக்கிப் படியேறினோம். இருபது வயசு நான் மூச்சு வாங்குறேன், ரிட்டயர்டு ஃபிட்டர் விசில் அடிக்கிறார்!

ஐப்பசி மழைக்குள்ள பாலிசி வந்துடணும். அக்கா லிஸ்ட்டைக் கம்பெனிக்கு அனுப்பியாச்சு. காமிக்ஸை அரிய பொருள்னு ஒத்துக்குவாங்களா, பதில் இன்னும் வரலை.

கிளம்பும்போது லேப்டாப்பில் இன்னொரு ஷீட்டைத் திறக்கச் சொன்னார் மாமா. தலைப்பு: 'போனது'. இன்சூரன்ஸுக்கு உதவாத லிஸ்ட். அவருக்கு மட்டும் தேவையான லிஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு அந்தக் கீழ் ரெண்டு தட்டை இடமிருந்து வலமா ஞாபகத்தில் தடவித் தடவிச் சொன்னார். 196 பேர் வந்துச்சு. அதுக்கு மேல வரலை.

திரும்பி மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கினேன். முதல் தடவையா அந்தப் பெயர்ப் பலகையை நின்னு பார்த்தேன். எரிஞ்சு போன கடைகளில் என்னென்ன இருந்துச்சுனு யார்கிட்டயாவது லிஸ்ட் இருக்குமா?

செல் அடிச்சுது. மாமா.

"மாப்ள, ஏறிட்டியா எறங்கிட்டியா? அந்த ஷீட்டைத் தொற. ரிப் கிர்பி ஒண்ணு வுட்டுப் போச்சு. 197 போட்டுக்க!"